ஆவுதி அருத்தியும் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டினம் பக்கத்தில் புது வீடு கட்டி முடித்திருக்கிறோம். வைகாசியில் கிரகப்பிரவேசம். கணபதி ஹோமச் சாமான் பட்டியலில், ஹோமத்தின் முடிவில் வரும் பூர்ணாஹுதிக்கு என்று ஒரு பட்டுப்புடவையும் எழுதியிருக்கிறார்கள். எட்டாவது படிக்கும் என் மகள், "நல்ல புடவைய எதுக்கும்மா நெருப்புல போடணும்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பூர்ணாஹுதிக்கு வந்தால் போதும் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகள் சொன்ன 'போடணும்' என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். நம் ஊரில் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்று 99ஆம் பாட்டு, அவன் முன்னோரைச் சொல்லித் தொடங்குகிறது: 'அமரர்ப் பேணியும் ஆவுதி அருத்தியும்'. அவர்கள் இந்த மண்ணுக்குக் கரும்பு கொண்டுவந்ததை அடுத்த அடி சொல்லும். ஆவுதி என்பது ஆஹுதிதான், தீயில் இடும் படையல். அருத்துதல் என்றால் உண்ணக் கொடுப்பது. உங்கள் காவேரிப்பட்டினத்துக்குத் தெற்கே இருக்கும் இன்றைய தர்மபுரிதான் அந்தத் தகடூர். இங்கே இருந்தவர்கள் தீக்கு ஊட்டினார்கள். ஹோமத்தை விளக்க எனக்கு இதைவிட நல்ல சொல் கிடைத்ததில்லை.

சமித்துக் குச்சி, நெய், பொரி, மோதகம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் 'ந மம', என்னுடையது இல்லை என்று சொல்லிக் கையை எடுக்கிறோம். நடுவில் மந்திரம் தப்பியிருக்கும், நெய் சிந்தியிருக்கும். அதற்குப் பிராயச்சித்த ஆஹுதி தனியாக உண்டு. அதெல்லாம் முடிந்தபின் கடைசியாக, குறை வைக்காமல், கரண்டி நிறையக் கொடுப்பதுதான் பூர்ணாஹுதி. கோயில் கும்பாபிஷேகத்தில் ஒவ்வொரு கால யாக பூஜையும் பூர்ணாஹுதியோடுதான் முடியும். கடைசிக் காலத்தில் நடப்பது மகாபூர்ணாஹுதி. அதற்கு மட்டும் வந்தால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. தொடக்கத்தில் செய்யும் சங்கல்பத்திலிருந்து கூட உட்கார்ந்தவருக்குத்தான் அந்த நிறைவு தெரியும்.

அப்போது சொல்லும், தைத்திரீய பிராமணம் என்ற வேத நூலின் வரிகளைக் கவனியுங்கள்: 'ஸர்வம் வை பூர்ணாஹுதி:'. எல்லாமே பூர்ணாஹுதி. தொடர்ந்து, 'இயம் வை பூர்ணாஹுதி:, அஸ்யாமேவ ப்ரதிதிஷ்டதி'. இந்த நிலமே பூர்ணாஹுதி, இதிலேயே அவன் நிலைபெறுகிறான். புது வீட்டில் கால் வைக்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வாழ்த்து வேண்டும்?

எங்கள் வீட்டு ஹோமத்தில் அப்பாதான் கரண்டி பிடித்தார். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. நீளப் பிடி வைத்த மரக் கரண்டி, அதன் குழியில் சிவப்புத் துணியில் முடிந்த கொப்பரைத் தேங்காய், மேலே ததும்ப நெய். கை நடுங்கியதில் நெய் வழிந்து மணிக்கட்டு வரை இறங்கியது. அம்மா அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். அம்மாவின் தோளை நான் தொட்டேன், என் சட்டையைத் தங்கை பிடித்துக்கொண்டாள். முடிச்சு விழுந்ததும் தீ பற்றவில்லை. துணியின் ஓரம் மெல்லச் சுருண்டது. பிறகு கொப்பரை எண்ணெய் விட்டுச் சுர்ரென்று சீற, தழல் ஆள் உயரம் எழுந்தது. அப்பா கரண்டியை எடுக்கவே இல்லை. நெய் நூலாக இறங்கி, நின்று, கடைசிச் சொட்டும் விழும்வரை சாய்த்தபடியே இருந்தார். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று பிறகு நான் கேட்கவில்லை.

புடவை விஷயத்தில் உங்கள் மகள் பக்கம்தான் நான். உண்ணத் தகாததை யாருக்கும் பரிமாற மாட்டோம். பூஜைக் கடையில் பட்டு என்று தரும் பளபளத் துணி பல சமயம் பாலியெஸ்டராக இருக்கிறது. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசம் வந்து, சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிக்கும்படி ஒரு ஹோமம் வேண்டாம். கொப்பரையைச் சுற்ற ஒரு முழம் பருத்தித் துணியோ நல்ல பட்டுத் துண்டோ போதும் என்று சாஸ்திரிகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பட்டியலில் இருக்கும் புடவையை, வீடு கட்டும்போது சித்தாள் வேலை செய்த பெண்ணைக் கூப்பிட்டு, வெற்றிலை பாக்கோடு அன்றைக்கே கொடுங்கள். நெய்யில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கரண்டி பிடிக்கும்போது நீங்கள் அவர் கையைத் தொட்டுக்கொண்டு நில்லுங்கள். மகளை உங்கள் பக்கத்தில் நிறுத்தி, உங்கள் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.