கல்லூரி டென்னிஸில் நம் பெண்ணுக்கு இடம் உண்டா? பிளேனோவிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

தம்பி, மதுரையிலிருந்து டெக்சாஸுக்கு வந்து பெட்டிகளைக்கூட முழுதாகப் பிரித்திருக்க மாட்டீர்கள், அதற்குள் எட்டாம் வகுப்புப் பெண்ணின் கல்லூரியைப் பற்றிக் கவலை தொடங்கிவிட்டது. நம் ஊர்க்காரர்தான், சந்தேகமில்லை. நீங்கள் கேட்டது இரண்டு. கல்லூரி டென்னிஸ் அணிகளில் நம் நிறத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா? 'பன்முகத்தன்மை' என்ற பெயரில் நம் இடத்தைக் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்று உங்கள் அலுவலக நண்பர் சொன்னது உண்மையா?

நண்பரின் பேச்சை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் அது நம்மவர் வீட்டு விருந்துகளில் வடையோடு சேர்த்துப் பரிமாறப்படும் பொய். அணித் தேர்வில் இடஒதுக்கீடு என்று எதுவும் கிடையாது. தோற்றால் வேலை போய்விடும் என்று பயப்படும் பயிற்சியாளர், வெற்றி தேடித்தரும் ஆளைத்தான் எடுப்பார். பன்முகத்தன்மைக்கான சண்டை பெரும்பாலும் நடப்பது நாற்காலிகளுக்காக: தலைமைப் பயிற்சியாளர், விளையாட்டுத் துறை இயக்குநர் போன்ற பதவிகளுக்காக. எஸ்.இ.சி. என்ற தென்மாநிலக் கூட்டமைப்பில் அமெரிக்கக் கால்பந்து ஒரு மதம் மாதிரி. அதன் மைதானங்களில் பல பத்தாண்டுகளாகக் கறுப்பின இளைஞர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அங்கே ஒரு கறுப்பினத்தவர் முதன்முதலாகக் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் ஆனது 2003 டிசம்பரில்தான். மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம் நியமித்த சில்வெஸ்டர் குரூம் அவர். ஓடுவதற்கு ஆள் வேண்டும், ஓட்டுவதற்கு வேண்டாம் என்பதுதான் அதுவரை இருந்த ஏற்பாடு.

இதை மாற்ற ஒரேகான் மாநிலம் 2009-இல் ஒரு சட்டம் போட்டது. அரசுப் பல்கலைக்கழகங்கள் தலைமைப் பயிற்சியாளரைத் தேடும்போது சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணலுக்கு அழைக்க வேண்டும். 2020-இல் வெஸ்ட் கோஸ்ட் கூட்டமைப்பு, கூடைப்பந்து வீரர் பில் ரஸ்ஸலின் பெயரில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. அவர் அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்த சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் மாணவர், 1955, 1956 ஆண்டுகளில் அதற்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். அந்த விதிப்படி இயக்குநர், பயிற்சியாளர் பதவிகளுக்கான இறுதிப் பட்டியலில் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் ஒருவராவது இருந்தாக வேண்டும். பெயருக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து அனுப்பிவிடும் கூத்தும் உண்டுதான். இருந்தாலும் இந்த விதிகள் வேண்டும் என்பதே என் கட்சி. இந்தத் தொழிலில் வேலை கிடைப்பது விண்ணப்பத்தால் அல்ல, தொலைபேசி எண்ணால். அந்த எண் கையில் இல்லாதவனை அறைக்குள் உட்காரவைக்க ஏதாவது ஒரு கட்டாயம் வேண்டுமே. உங்கள் மாநிலத்திலோ காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூடவைத்த சட்டம் 2024 ஜனவரி 1 முதல் டெக்சாஸில் நடைமுறையில் இருக்கிறது.

இன்னொன்றையும் நண்பரிடம் சொல்லுங்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் டென்னிஸ், கோல்ஃப், படகோட்டம் எதுவும் தன் செலவைத் தானே சம்பாதிப்பதில்லை. காசு வருவது அமெரிக்கக் கால்பந்திலும் ஆண்கள் கூடைப்பந்திலும். அங்கே வியர்வை சிந்துபவர்களில் பெரும்பங்கு கறுப்பின இளைஞர்கள். அவர்களுக்கு நேரடிச் சம்பளம் என்று எதுவும் இல்லாமலே இத்தனை காலம் ஓடியது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகுதான், பல்கலைக்கழகம் ஒன்று முதலாண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை வீரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம் என்றானது. இதனால் சின்ன விளையாட்டுகளின் பட்ஜெட் இறுகும், நம் பெண்கள் ஆடும் டென்னிஸுக்கும் அடி விழலாம். அதற்காக அந்தப் பையன்கள் வாங்குவது அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

உண்மையிலேயே விளையாட்டு வழியாக யாருக்குச் சலுகை போகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஹார்வர்டு வழக்கைப் பாருங்கள். இனத்தைக் கணக்கில் கொண்டு மாணவர் சேர்ப்பதை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் தடைசெய்த வழக்கு அது. அதில் வெளிவந்த புள்ளிவிவரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், ஹார்வர்டில் இடம் பெற்ற வெள்ளையின மாணவர்களில் 43 சதவீதத்துக்கு மேற்பட்டோர் விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்கள், பழைய மாணவர் பிள்ளைகள், பேராசிரியர் பிள்ளைகள், நன்கொடையாளர் தொடர்புள்ளவர்கள் என்று கண்டார்கள். படகோட்டமும் வாள்சண்டையும் எந்தப் பிள்ளைக்குக் கைக்கு எட்டும் என்று யோசித்தால் மிச்சம் விளங்கும்.

இனி டென்னிஸ். கல்லூரி விளையாட்டில் ஆசியர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். ஆனால் டென்னிஸில் நம்மவர் புதியவர்கள் அல்ல. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டுகளும் தேசிய ஒற்றையர் பட்டம் வென்றார். உங்கள் மதுரைப் பையன் தக்ஷிணேஷ்வர் சுரேஷ் 2025-இல் பட்டம் வென்ற வேக் ஃபாரஸ்ட் அணியில் இருந்தவர். இதில் ஒரு முள்ளும் உண்டு. கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் உயர்ந்ததான முதல் பிரிவின் டென்னிஸ் அணிகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர். உங்கள் பெண்ணுக்குப் போட்டி பக்கத்துத் தெருக் கறுப்பினப் பெண் அல்ல. செக் குடியரசிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்திறங்கும் பத்தொன்பது வயதுக்காரிகள்.

அதற்கு முன்னால் பணம் என்ற வாசல் இருக்கிறது. தனிப் பயிற்சி, வார இறுதிப் போட்டிகள், ஓட்டல், ராக்கெட்டுக்கு மாற்றி மாற்றி நரம்பு கட்டுவது. கறுப்பினப் பிள்ளைகள் இந்த விளையாட்டில் குறைவாக இருப்பதற்கு ஆர்வமின்மையைக் காரணம் சொல்பவர்கள் இந்த ரசீதுகளைப் பார்த்ததில்லை. கறுப்பினத்தவரின் பழம்பெரும் கல்வி நிலையமான ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கோல்ஃப் அணிக்கே கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டீஃபன் கரி 2019-இல் தன் பணத்தைப் போட வேண்டியிருந்தது.

போட்டிக்குப் போனால் கோர்ட்டைச் சுற்றியிருக்கும் பச்சைத் திரைக்குப் பின்னால் நின்று பாருங்கள். இளையோர் ஆட்டத்தில் பெரும்பாலும் கோர்ட்டுக்கொரு நடுவர் கிடையாது. பந்து உள்ளேயா வெளியேயா என்பதை அந்தப் பக்கம் ஆடுகிறவரே சொல்ல வேண்டும். என் மகள் தொடக்கத்தில் சந்தேகம் வந்தாலே புள்ளியை விட்டுக்கொடுத்துவிடுவாள். எதிராளி கோட்டின் மேல் விழுந்த பந்தை 'அவுட்' என்றால், தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பந்தை எடுக்கப் போவாள். ஒருமுறை எதிராளியின் தந்தை, "உங்கள் பெண்ணுக்கு ஸ்பெல்லிங் போட்டி சரிப்படுமே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இந்தியப் பிள்ளை என்றால் புத்தகப்புழுதான் என்ற கிண்டல். நான் பதில் சொல்லவில்லை. அவள் அடுத்த ஆட்டத்திலிருந்து நடுவரை அழைத்துவரக் கற்றுக்கொண்டாள்.

கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் 1965-இல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்காகத் தேசிய ஒற்றையர் பட்டம் வென்றவர். பிறந்த ஊரான ரிச்மண்டில் வெள்ளையருக்கான பூங்காக்களில் அவரால் ஆட முடியாது. லிஞ்ச்பர்க்கில் தன் வீட்டுக் கோர்ட்டில் அவருக்குப் பயிற்சி தந்த டாக்டர் ராபர்ட் வால்டர் ஜான்சன், கோட்டுக்குச் சற்று வெளியே விழும் பந்தையும் திருப்பி அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். கறுப்பினப் பிள்ளை ஏமாற்றுகிறது என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக. உங்கள் பெண் இன்று கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட முடிவது, அப்படி விட்டுக்கொடுத்து ஆடியவர்களுக்குப் பின்னால் வந்ததால்தான்.

என் மகள் ஆடியது மூன்றாம் பிரிவுக் கல்லூரியில். அங்கே விளையாட்டு உதவித்தொகை கிடையாது, படிப்புக்கான உதவி உண்டு. காலையில் உயிரியல் ஆய்வகம், மாலையில் கோர்ட். பெரும்பாலான நம் பிள்ளைகளுக்கு அதுதான் பொருத்தம் என்பேன். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பயிற்சியாளரின் பேச்சைவிட, முந்தைய ஆண்டுகளின் அணிப் புகைப்படங்களைக் கவனியுங்கள். முதலாண்டில் இருந்த சிறுபான்மைப் பிள்ளைகள் நான்காம் ஆண்டுப் படத்திலும் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

விசா பற்றி ஒரு வார்த்தை. எச்-4, அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசாவில் இருக்கும் பெண்ணுக்கு வேலை அனுமதி கிடையாது. பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பரக் காசு தருகிறோம் என்று யாராவது வந்தால், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, முதல் பிரிவுப் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியும் ஒருவரும் பதில் போடவில்லை, பெயரைப் பார்த்து ஒதுக்குகிறார்களோ என்று எழுதியிருந்தீர்கள். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை அவர்கள் பதில் எழுதக் கூடாது என்பது விதி. அதற்கு முன் வருவது முகாம் விளம்பரமும் வினாப்படிவமும்தான். மூன்றாம் பிரிவுப் பயிற்சியாளர்களுக்கு இந்தத் தடை இல்லை, அவர்களுக்கு இப்போதே எழுதலாம். கடிதத்தை உங்கள் பெண்ணே எழுதட்டும், நீங்கள் எழுதினால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.