பானை இல்லாத மூடி

அன்புள்ள அக்கா,

விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். நான், கணவர், மூன்று பிள்ளைகள், மாமி என்று ஆறு பேர். போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. வேலை முடிந்து நாலரைக்கு வந்து கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. ஹோலில் நெல்மூட்டை, மூலையில் வயலுக்கு மருந்தடிக்கிற மெஷின், கதிரையில் மலைபோல உடுப்பு. மாமி ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றைக்கூட எறிய விடமாட்டார். முகாமில் தந்த தறப்பாள்கூடக் கட்டிலுக்குக் கீழே இன்னும் மடித்தபடி கிடக்கிறது. யூரியூப்பில் பார்த்து, ஒரு வருசம் பாவிக்காத சாமானை எல்லாம் மூட்டையாகக் கட்டினேன். மாமி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூட்டையும் அவிழ்ந்து பழைய இடத்துக்கே போய்விட்டது. நான் செய்தது பிழையா? அந்தத் தறப்பாளையாவது எறியலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வீடியோக்களில் வருகிற வீடுகளில் நெல்மூட்டையை நான் ஒருநாளும் கண்டதில்லை. கோடையில் செய்கிற சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணி எல்லா வயலுக்கும் ஒவ்வொரு வருசமும் கிடைக்காது. இரண்டு வருசம் சும்மா கிடந்த ஓஸ் பைப்பை மூன்றாம் வருசம் தேடுவார்கள். அப்போது அதை எறிந்த மருமகளின் பெயர்தான் ஊரில் அடிபடும்.

முதலில் வீட்டைப் பாருங்கள். அந்தத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குத் தந்தது 550,000 ரூபா. அளவு ஏறத்தாழ 550 சதுர அடி. இடம்பெயர முதல் எங்கள் வளவுகள் எப்படி இருந்தன? குசினி புறம்பாக, நெல்லுக்கு ஒரு கொட்டில், மாட்டுக்கு ஒரு கொட்டில், கத்தி மண்வெட்டி செருகத் தாழ்வாரம். அவ்வளவு சாமானும் இப்போது ஒரே கூரைக்குக் கீழே. அதை ஒரு ஹோலுக்குள் அடுக்க முடியவில்லை என்று உங்களையே நொந்துகொள்கிறீர்கள். எறிகிற கதையைக் கொஞ்சம் விட்டுவிட்டு, கணவரிடம் சொல்லிப் பின்வளவில் பத்தடிக்கு எட்டடி ஒரு கொட்டில் போடுங்கள். மீள்குடியேறின புதிதில் தந்த தகரம் எந்த வளவில்தான் கிடக்கவில்லை? நிலத்தை மட்டும் ஒரு முழம் உயர்த்திவிடுங்கள்.

கொட்டில் எழும்பும்வரை காத்திருக்கக் கூடாத சாமான் ஒன்று உண்டு. மருந்தடிக்கிற மெஷினும் மருந்துப் போத்தல்களும் இன்றைக்கே வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். இதில் மாமி சொன்னாலும் கணவர் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டுப் போட்ட பெட்டியில் இருக்கட்டும். மிஞ்சின மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. வெறும் மருந்துப் போத்தலைக் கழுவி மண்ணெண்ணெய்க்கு எடுக்கிற பழக்கமும் உண்டு. இரண்டும் வேண்டாம். முடிந்த போத்தலை மூன்று தரம் அலசி, அலசின தண்ணியை மெஷினுக்குள்ளேயே ஊற்றி அடித்துவிட்டு, போத்தலின் அடியில் ஓட்டை போடுங்கள். அதற்குப் பிறகு அதை ஒருவரும் எடுத்துப் பாவிக்கமாட்டார்கள்.

நெல்மூட்டையைச் சுவரோடு முட்டாமல் பலகைக்கு மேல் அடுக்குங்கள். பிள்ளைகளின் பழைய கொப்பிகளைக் காட்போட் பெட்டியில் போட்டு நிலத்தில் வைத்திருந்தால் உடனே தூக்குங்கள். என்னுடைய ஏ.எல் கொப்பிகள் அப்படித்தான் போயின. மேலால் பார்க்க முழுசாக இருந்தது. கையை விட்டுத் தூக்கினேன், அடிப்பக்கம் மண்ணாகக் கொட்டியது. கறையான் மேல்மட்டையை மட்டும் மரியாதைக்கு விட்டுவைத்திருந்தது.

உடுப்புக் கதிரைக்கு என்னிடம் மருந்தில்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

சரி, மாமி. என் அம்மாவிடம் ஒரு அலுமினிய மூடி உண்டு. 2009 இல் இரணைப்பாலையில் சோறு வெந்துகொண்டிருந்தபோது ஷெல் விழத் தொடங்கியது. எல்லோரும் எழும்பி ஓடினோம். பானை அடுப்பில், மூடி அம்மாவின் கையில். மெனிக் பாம் முகாமில் அதைத் திருப்பிப் பிடித்துத் தட்டாகச் சாப்பிட்டோம். இப்போது குசினிச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. நான் புதுப் பானைகள் வாங்கிக் கொடுத்தேன், ஒன்றுக்கும் அது பொருந்தவில்லை. அம்மா மூடியை எறிவார் என்று நினைத்தேன். இப்பவும் பாத்திரக் கடைக்குள் போனால் விரலை விரித்துப் பானைகளின் வாயை அளக்கிறார்.

உங்கள் மாமி எத்தனை தரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழும்பினார் என்று ஒரு பின்னேரம் கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகு ஐஸ்கிறீம் பெட்டிகளை அவர் பொறுப்பிலேயே விடுங்கள். ஒரு உரப்பைக்குள் அடங்குகிற அளவு அவருடையது. புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும், எது என்று அவரே தெரிவு செய்யட்டும். மூடி தொலைந்தவை தானாகப் போய்விடும். வளவில் மட்டும் போடவேண்டாம். ஐப்பசி மழைக்குத் தண்ணி நின்றால் டெங்கு நுளம்புக்கு ஒரு கிழமை போதும். இதை நீங்கள் சொல்வதைவிடப் பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து சொன்னால் மாமி கேட்பார்.

அப்புறம் ஒரு பை. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, காணிப் பெர்மிட், பிள்ளைகளின் றிப்போட் எல்லாம் பொலித்தீனில் சுற்றி, சிப் வைத்த ஒரே பைக்குள் போட்டு, மாமியின் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். அந்தப் பையைக் கண்டபிறகுதான் என் அம்மா மற்றச் சாமான்களில் கைவைக்க விட்டார். மூடியைத் தவிர.

மாமியின் றங்குப்பெட்டிக்குள் யாராவது ஒருவருடைய சாரமோ சேட்டோ இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது எவ்வளவு இடம் பிடித்தாலும்.

தறப்பாளை எறிய வேண்டாம். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது எங்கள் வீட்டில் நெல்லை மூடியது அந்தத் தறப்பாள்தான். ஆனால் கட்டிலுக்குக் கீழே வைத்தால் எலி குட்டி போடும். தை வெயிலில் ஒருநாள் விரித்துக் காயவிட்டு, ஓட்டை இருந்தால் ஒட்டி, கொட்டில் வளையில் தொங்கவிடுங்கள். மடிக்கும்போது மற்ற முனையை மாமியைப் பிடிக்கச் சொல்லுங்கள். அதன் பழைய மடிப்பு அவருக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
அக்கா