தர்பூசணியின் நடுப்பகுதியைச் சர்க்கரை நோயாளிகள் ஒதுக்க வேண்டுமா?

கேள்வி: வயது 54. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தர்பூசணியில் நடுச்சதையை விட்டு, தோல் ஓரத்தை மட்டும் சாப்பிடச் சொல்கிறார்கள். சத்தெல்லாம் நடுவில்தானே இருக்கும்? பாதி மட்டும் பழுத்த அரைப்பழமாக வாங்கினால் சர்க்கரை குறையுமா?

பதில்: நடுச்சதைதான் இனிப்பு அதிகம், ஓரத்துக்கு வர வரக் குறையும். இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானியில் நடுவில் 11 காட்டும் பழம், தோலை ஒட்டிய சிவப்பில் 8 காட்டலாம். ஆனாலும் எந்தத் துண்டு என்பதைவிட எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 100 கிராமில் சராசரியாக 6 கிராம் சர்க்கரை. ஒரு வேளைக்கு 150 கிராம், அதாவது ஒரு சிறு கிண்ணம், தாராளமாகச் சாப்பிடலாம். ஜூஸ் வேண்டாம். ஒரு டம்ளருக்கு 300 கிராம் பழம் போய்விடும். சீனி போடாமலே 18 கிராம் சர்க்கரை.

அரைப்பழம் வாங்குவது வீண். பிஞ்சில் சதை வெள்ளையாக இருக்கும். சர்க்கரை வகைகளில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் முதலில் சேர்ந்துவிடும். சுக்ரோஸ் கடைசி நாட்களில்தான் ஏறும். சிவப்பு நிறம் தரும் லைகோபீனும் பழுக்கப் பழுக்கத்தான் கூடும். முன்கூட்டியே பறித்த காயை வீட்டில் வைத்தால் நிறம் கொஞ்சம் ஏறலாம், இனிப்பு ஏறாது. தரையில் பட்டிருந்த இடம் வெள்ளையாக இல்லாமல் வெண்ணெய் மஞ்சளாக இருக்கும் பழத்தை எடுங்கள். லைகோபீன் கொழுப்பில் கரைவது. கூட நாலு வேர்க்கடலை சாப்பிட்டால் உடலில் நன்றாகச் சேரும்.

நாம் குப்பையில் போடும் வெள்ளைப் பகுதியில் லைகோபீன் கிடையாது, சர்க்கரையும் குறைவு. ஆனால் சிட்ருலின் என்ற அமினோ அமிலம் உண்டு. நீர் நீக்கி ஒப்பிட்டால் சிவப்புச் சதையைவிடச் சற்று அதிகமாகவே. சிறுநீரகம் இதை ஆர்ஜினினாக மாற்றும். அதிலிருந்து உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். (இதை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!) பச்சைத் தோலைச் சீவிவிட்டு, வெள்ளையைப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்புடன் கூட்டு வைக்கலாம், சுரைக்காய் போலவே வேகும்.

முதல்முறை சாப்பிட்ட 2 மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். 180-ஐத் தாண்டினால் அளவை 100 கிராமாக்குங்கள். சர்க்கரையால் சிறுநீரகமும் பாதித்து, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருந்தால் கணக்கே வேறு. பாதித்த சிறுநீரகம் பொட்டாசியத்தையும் சரியாக வெளியேற்றாது. 100 கிராமில் சுமார் 110 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. அரைக் கிலோ சாப்பிட்டால் 550. அப்படியானால் உங்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.