வன்னி இளைஞர்கள் ஏன் ஊர்க் கூட்டங்களுக்கு வருவதில்லை?

"கூப்பிட்டாலும் வருகிறார்கள் இல்லை, நாட்டின் அபிவிருத்தியில் எப்படிச் சேர்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டம் எத்தனை மணிக்கு? வட இலங்கையில் எங்கள் வன்னிப் பக்கம் பெரும்பாலும் வேலைநாளில் காலை பத்து மணிக்கு. அந்த நேரம் பொடியன் வயலில் நிற்பான், பிள்ளை வகுப்பில் இருப்பாள். அப்புறம் எப்படி வருவார்கள்?

வந்தாலும் கதிரை அடுக்கத்தான் விடுகிறோம். ஆனால் போன சிறுபோக (வருடத்தின் சின்ன நெற்போகம்) கூட்டத்தில் ஒரு பொடியன் வாய்க்கால் உடைந்த இடங்களைப் போனில் படம் பிடித்து வந்து காட்டினான். எந்த மதகுக்குக் கீழே தண்ணீர் வீணாகிறது என்று அவனுக்குத்தான் தெரிந்திருந்தது. குளத்து நீரைப் பார்த்துத்தானே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவாகிறது! அடுத்த கூட்டத்துக்கு அவனே நாலு பேரைக் கூட்டி வந்தான்.

படிப்புக்கு இப்போது வழி உண்டு: கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள், 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம். படித்தவர்களுக்கு ஊரிலேயே வேலை இல்லாவிட்டால் கொழும்புக்கோ கனடாவுக்கோ போவார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உள்ளூராட்சித் தேர்தல் வேட்பாளர் பட்டியலில் இளைஞர்களுக்கு 25 வீதம் ஒதுக்கச் சட்டமும் வந்துவிட்டது. சரி, பட்டியலை நிரப்பப் பெயர் கேட்பவர்கள், கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளர் பதவியையாவது ஒருமுறை கொடுத்துப் பார்க்கட்டும்.