ரோஜா கையால் தீட்டியதா, அச்சடித்ததா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் கடையில் ரோஜாப்பூ போட்ட பீங்கான் பூச்சாடி ஜோடி வாங்கினேன். விக்டோரியா காலத்துக் கைவேலை என்றார் கடைக்காரர். அடியில் 'இங்கிலாந்து' என்று மட்டும் முத்திரை. எப்படிச் சரிபார்ப்பது? தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கலாமா?

பதில்: அந்த ஒற்றைச் சொல்லே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் கேட்டது. 1891 முதல் ஆங்கிலேய ஆலைகள் பரவலாக 'இங்கிலாந்து' என்று பொறிக்கத் தொடங்கியது அதனால்தான். விக்டோரியா மகாராணி இறந்தது 1901இல். உங்கள் சாடிகள் அந்தக் கடைசிப் பத்தாண்டைச் சேர்ந்தவையாக இருக்கலாம், அதற்குப் பிந்தியும் இருக்கலாம். 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்றே எடுத்துக்கொள்வேன்.

இனி ரோஜாவுக்கு வருவோம். நகை ஆசாரிகள் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். இதழின் நிழல் நுண்புள்ளிகளாகவோ ஒரே சீரான கோடுகளாகவோ தெரிந்தால் அது அச்சு. கைவேலையில் தூரிகை அழுந்திய இடத்தில் வண்ணம் அடர்ந்து, இழுத்துவிட்ட முனையில் மெலிந்திருக்கும்.

பலர் ஏமாறுவது இவை இரண்டுக்கும் நடுவில் உள்ள வகையில். வெளிக்கோட்டை அச்சில் போட்டுவிட்டு, உள்ளே மட்டும் கையால் வண்ணம் நிரப்பியிருப்பார்கள். தூரிகைத் தடம் தெரிந்ததுமே 'கைவேலை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். நீங்கள் ஜோடியாக வாங்கியது நல்லதாயிற்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே இதழின் மடிப்பை ஒப்பிடுங்கள். வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்க, கோடு மட்டும் இரண்டிலும் இம்மி பிசகாமல் ஒத்திருந்தால், கோடு அச்சுதான். கண்ணால் பார்த்துத் தீட்டும் கை, மயிரிழை மாறாமல் இரண்டு முறை போகாது.

முழுக் கைவேலை என்றால் அடியில் ஓவியரின் முதலெழுத்துகள் இருக்கின்றனவா என்றும் தேடுங்கள். லண்டனின் லாம்பெத் பகுதியில் இருந்த டோல்டன் மட்பாண்ட ஆலையில் ஓவியர்கள் தங்கள் குறியை இடுவது வழக்கம். அங்கே 1871இல் சேர்ந்த ஹன்னா பார்லோ, ஈரம் காயாத களிமண்ணில் ஆடுகளையும் குதிரைகளையும் கீறி வரைந்தவர். அவர் குறியுள்ள ஜாடியைக் கையில் எடுத்தால், ஒவ்வொரு கீறலும் எந்தப் பக்கம் இழுக்கப்பட்டது என்பதுகூடத் தெரியும். எனக்கு அதற்கு ஈடாக எதுவுமில்லை.

தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். பழைய மட்பாண்டத்தின் மெருகில் மயிரிழை விரிசல்கள் இருக்கும். அவற்றின் வழியே நீர் உள்மண்ணுக்கு இறங்கிப் பழுப்புக் கறையாகும். பூ வைத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை நிறுத்தி அதில் வையுங்கள். பிளீச், டிஷ்வாஷர் இரண்டும் கூடாது. வண்ணமும் பொன்பூச்சும் உறுதியாக இருந்தால், லேசாக நனைத்த மென்துணியால் ஒற்றியெடுத்தாலே போதும்.