கீழ்த்தாடையைப் பின்னுக்கு வைத்தால் மகனின் மூச்சு அடைபடுமா?

அம்மா, உங்கள் கடிதத்தின் இரண்டு பக்கங்களும் அடுத்த மாதம் பேராதனைப் பல் வைத்தியசாலையில் மகனுக்கு நடக்கவிருக்கும் தாடைச் சத்திரசிகிச்சையைப் பற்றியவை. நான் திரும்பத் திரும்ப வாசித்ததோ, இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்த இரண்டு வரிகளை. 24 வயதுப் பிள்ளை குறட்டை விடுகிறான். குறட்டை இடையில் அறுந்து வீடே அமைதியாகிறது. பிறகு, கிணற்றில் சுழியோடி மேலே வருபவனைப் போல ஒரு பெருமூச்சுடன் மறுபடியும் தொடங்குகிறது. போன கிழமை பட்டப்பகலில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் இருந்தபடியே கண்ணயர்ந்து வரம்பில் ஏற்றிவிட்டான். முன்தள்ளிய கீழ்த்தாடையைப் பின்னுக்கு வைத்த பிறகு நித்திரையில் மூச்சு நின்றுவிடுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது இப்போதே நின்று நின்றுதான் வருகிறது.

நீங்கள் யூடியூபில் பார்த்த காணொளிகளில் ஒன்று, தாடைச் சத்திரசிகிச்சை நித்திரை மூச்சுத்தடையைத் தீர்க்கும் என்கிறது. மற்றது, அதுவே ஆளைக் கொல்லும் என்கிறது. இரண்டையும் நள்ளிரவில் அடுத்தடுத்துப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் தலை சுற்றும். ஆனால் அவை ஒரே சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசவில்லை. தாடை எந்தத் திசையில், எத்தனை மில்லிமீற்றர் நகர்கிறது என்பதைச் சொல்லாமல் பயமுறுத்துகிறவர் வைத்தியராகவே இருந்தாலும் அவர் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை.

நாக்கின் பெருந்தசை கீழ்த்தாடையின் நாடிப்பகுதியில், எலும்பின் உட்புறத்தில், முளையில் கட்டிய மாட்டைப் போலப் பிணைக்கப்பட்டிருக்கிறது. முளையைப் பிடுங்கிப் பின்னுக்கு அடித்தால் மாடும் பின்னுக்குத்தான் நிற்கும். அதற்கும் பின்னால், நாக்கின் அடிக்கும் தொண்டையின் பின்சுவருக்கும் இடையில், காற்றுப் போகும் ஒடுங்கிய வழி இருக்கிறது. விழித்திருக்கும்போது தசைகள் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. நித்திரையில், அதிலும் கனவு காணும் கட்டத்தில், அவை தளர்ந்துவிடுகின்றன. எனவே கீழ்த்தாடையைப் பின்னுக்கு எடுத்தால் அந்த வழி ஓரளவு ஒடுங்கும் என்பது உண்மை. ஆனால் மெலிந்த, குறட்டை இல்லாத இளைஞர்களில் பெரும்பாலானோருக்கு அந்த ஒடுக்கத்தால் துன்பம் எதுவும் வருவதில்லை. நிறை கூடியவர்கள், கழுத்துத் தடித்தவர்கள், தாடையை அதிக தூரம் பின்னுக்கு எடுக்க வேண்டியவர்கள், ஏற்கெனவே நித்திரையில் மூச்சுத் தடைப்படுகிறவர்கள் ஆகியோரில்தான் கவனம் தேவை. உங்கள் மகன் கடைசி வகையைச் சேர்ந்தவராக இருக்கக்கூடும். மூச்சுத்தடையைத் தீர்க்கும் என்று முதல் காணொளி சொன்ன சத்திரசிகிச்சை இதற்கு நேரெதிரானது: மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் முன்னுக்குக் கொண்டுவரும்போது வாயின் மேற்கூரையின் பின்பகுதியான மென்அண்ணமும் நாக்கின் அடியும் சேர்ந்தே முன்னுக்கு இழுபட்டு வழி அகலமாகிறது.

ஆகவே சத்திரசிகிச்சைத் திகதிக்கு முன்னர் அந்த இரண்டு வரிகளும் பேராதனையில் உள்ள நிபுணரின் காதுக்குப் போயாக வேண்டும். அவர் நித்திரைப் பரிசோதனைக்கு அனுப்புவார். 10 செக்கனோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் அதில் எண்ணுவார்கள். மணித்தியாலத்துக்கு 5 வரை பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை, 15 ஐத் தாண்டினால் நடுத்தரம், 30 ஐத் தாண்டினால் கடுமை. முடிவைப் பொறுத்துத் திட்டமே மாறலாம். மேல், கீழ்ப் பற்களுக்கு இடையில் 8 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடையை 8 உம் பின்னுக்கு எடுக்கலாம். அல்லது மேல்தாடையை 5 முன்னுக்குக் கொண்டுவந்து, கீழ்த்தாடையை 3 மாத்திரம் பின்னுக்கு எடுக்கலாம். மேல், கீழ்ப் பற்களின் கடி இரண்டிலும் பொருந்தும், தொண்டைக்கு இரண்டாவது நல்லது. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்கும் இந்தச் செய்தி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இதற்காகத் திகதி பிந்தினால் பிந்தட்டும். ஒன்றரை வருடம் பல்லுக்குக் கம்பி போட்டிருந்த பிள்ளைக்கு இன்னும் சில கிழமைகள் பெரிதல்ல.

பகலில் தூங்கி வழிகிறான், இரவில் நித்திரை போதவில்லையாக்கும் என்று எண்ணி, அப்பப்பாவின் டயஸிபாம் குளிசையில் பாதியை உடைத்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. தளர்ந்து மூடுகிற தொண்டைத் தசையை மேலும் தளர்த்துகிற மருந்து அது. மூச்சு அடைபடும்போது மூளை திடுக்கிட்டு விழித்து ஆளைக் காப்பாற்றுகிறதே, அதையும் மந்தமாக்கிவிடும். இன்றிரவே நிறுத்துங்கள். சாராயமும் அதே வேலையைத்தான் செய்யும் என்பதை மகனிடம் சொல்லுங்கள்.

மற்றவை சிறியவை. டைட்டேனியத் தகடு துருப்பிடிக்காது, மின்னலை இழுக்காது, பெரும்பாலும் கழற்றவும் தேவையில்லை. கீழுதடும் நாடியும் விறைத்திருப்பது வழமை. மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும், சிலருக்குச் சிறிது மிஞ்சும். முகம் மாறும், அதற்காகத்தானே போகிறான்.

இவ்விடத்தில் வன்னி வாசகர்கள் சிலருக்கும் ஒரு சொல். சின்ன வயதில் விழுந்தோ செல்லடியிலோ நாடியில் காயப்பட்டு, காதுக்கு முன்னால் உள்ள மூட்டு உறைந்து, வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறவாமல், கீழ்த்தாடை வளராமலே பெரியவர்களானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மெலிந்த உடம்பாக இருந்தும் இவர்களுக்குக் கடுமையான குறட்டையும் மூச்சுத்தடையும் வரலாம். வாய் திறக்காததைப் பற்றி மட்டும் கேட்டு நித்திரையைப் பற்றிக் கேட்காமல் விட்ட வைத்தியர்களில் நானும் ஒருவன். இவர்களுக்குத் தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் சிகிச்சைதான் வேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் நாட்களில் வீக்கம் கூடும், மூக்கு அடைக்கும்; இரண்டாம் மூன்றாம் நாளில் அது உச்சத்துக்கு வரும். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். விழித்து நிமிர்ந்து இருக்கும்போதே மூச்சில் இரைச்சல் கேட்டாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் வழிந்தாலோ, இரத்தம் நிற்காமல் வந்தாலோ வாட்டில் உடனே தாதியை அழையுங்கள். வீடு திரும்பிய பிறகென்றால் விடியும்வரை காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள்.

இன்றிரவு மகன் மல்லாந்து படுத்திருக்கும்போது கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம், குறட்டை அறுந்து திரும்பத் தொடங்கும் இடம் வரும்வரை, படம் பிடியுங்கள். நெஞ்சும் வயிறும் தெரியட்டும், விளக்கை அணைக்க வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குப் பேராதனைக்குப் போகும்போது அந்தத் தொலைபேசியையும் கொண்டு போங்கள். அதுவரைக்கும் லான்ட்மாஸ்டரை வேறு யாராவது ஓட்டட்டும்.