ஒருவர் எங்கோ பார்த்தால் நம் கண்ணும் ஏன் அங்கேயே போகிறது?

நாம் யோசித்துவிட்டுப் பார்ப்பதில்லை, அதனால்தான். எதிரில் இருப்பவரின் கண் ஒரு பக்கம் திரும்பினால் நொடிக்குள் நம் கவனமும் அந்தப் பக்கம் போய்விடும். 'அந்தப் பார்வையை நம்பாதே' என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாலும் போகும். 1998இல் வந்த ஓர் ஆய்வில் உண்மையான முகம்கூடத் தேவைப்படவில்லை. வட்டம் போட்டுக் கண் வரைந்த படமே போதுமாக இருந்தது. நம் கருவிழியைச் சுற்றி வெள்ளை நிறையத் தெரிவதும் ஒரு வசதி. சிம்பன்சி பெரும்பாலும் தலை திரும்பும் திசையைத்தான் பின்பற்றும். ஒரு வயதுக் குழந்தையோ கண் மட்டும் அசைந்தாலே பிடித்துக்கொள்ளும்.

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் போகும் பஸ்ஸில் பின்னேரம் ஏறிப் பாருங்கள். சாரதி வேகத்தைக் குறைத்துக் காட்டுப் பக்கம் ஒருதரம் பார்ப்பார், வாசலில் தொங்கும் கண்டக்டர் குனிவார். அவ்வளவுதான், முன் சீற்றிலிருந்து கடைசி சீற்றுவரை தலைகள் வரிசையாகத் திரும்பும். 'யானை' என்று ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பல நேரம் அது மாடுதான்.

சரி, எத்தனை பேர் பார்த்தால் சனம் திரும்பும்? 1969இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் குழுவினர் நியூயோர்க் தெருவில் ஆட்களை நிறுத்தி, ஆறாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்க வைத்தார்கள். ஒருவர் பார்த்தபோதே வழிப்போக்கர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மேலே பார்த்தார்கள். ஆனால் நின்றவர்கள் 4 பேர்தான். பதினைந்து பேர் பார்த்தபோது 86 பேர் பார்த்தார்கள், 40 பேர் நின்றார்கள். பார்ப்பதற்குச் செலவில்லை, நிற்பதற்குத்தான் ஆள்பலம் வேண்டியிருக்கிறது.

வன்னியில் சண்டைக் காலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. சந்தையில் ஓர் ஐயா கையில் கத்தரிக்காயோடு அண்ணாந்தால், சத்தம் கேட்காதவரும் வானத்தைப் பார்ப்பார். வண்டு (வேவு பார்க்கும் ஆளில்லா விமானம்) சுத்துதா, கிபிர் (குண்டு போடும் போர் விமானம்) வருதா? அடுத்த பார்வை பங்கர் எந்தப் பக்கம் என்றுதான். எங்கள் அம்மா இன்றைக்கும் முற்றத்தில் யாராவது மேலே பார்த்தால் அகப்பையோடு வெளியே வந்துவிடுவா. இப்போது அநேகமாகத் தேங்காய் பறிக்க ஏறின ஆள்தான்.

நீங்களே சோதிப்பதென்றால், எதிரே வருகிறவர்களைவிட உங்களுக்குப் பின்னால் நடந்து வருகிறவர்களைக் கவனியுங்கள். இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரத் தெருவில் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில் அவர்கள்தான் கூடுதலாகப் பின்பற்றினார்கள்; பார்ப்பவரின் கண்ணில் தாங்கள் படவில்லை என்ற துணிவாக இருக்கலாம். கிளிநொச்சியில் செய்வதானால் மட்டும் வானத்தைப் பார்க்காதீர்கள், ஒரு கடைப் பலகையைப் பாருங்கள். வயதானவர்கள் பதறிப்போவார்கள்.